எம்.எஸ். நோயும் தாளத்தோடு நடத்தலும்

கேள்வி: என் தங்கைக்கு வயது 34. மூன்று ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் எனும் எம்.எஸ். நோய்க்குச் சிகிச்சை பெறுகிறாள். பத்து நிமிடம் நடந்தாலே இடது கால் இழுக்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே நடந்தால் நடை சீராகும் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: ஓரளவு உண்மைதான், ஆனால் நடைக்கு உதவுவது முதன்மையாகப் பாட்டின் தாளமே. எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதால், கால்களுக்குப் போகும் கட்டளைகள் தாமதமாகின்றன. ஒரே சீராகக் காதில் விழும் தாளம், அடுத்த அடியை எப்போது வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது.

பெல்ஜியத்தின் ஹாசெல்ட், கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எம்.எஸ். உள்ளவர்களை 12 நிமிடங்கள் இசையோடும், ஒரே சீராக ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியின் ஒலியோடும், எதுவுமின்றியும் நடக்கவைத்துப் பார்த்தார்கள். அடியைத் தாளத்தோடு பொருத்துவது மெட்ரோனோமில் எளிதாக இருந்தது. இசையோடு நடந்தபோதோ ஊக்கம் கூடியது, மூளைக் களைப்பு குறைவாகத் தோன்றியது. உடற்சோர்வில் மட்டும் வேறுபாடு இல்லை. ஆகவே, பாட்டின் உற்சாகத்தில் கூடுதலாக நடந்துவிடாதபடி, நடக்கும் நேரத்தை முன்பே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். முன்பாதத்தைத் தூக்க முடியாததால்தான் கால் இழுக்கிறது என்றால், கணுக்காலுக்கு ஸ்பிளிண்ட் எனும் தாங்குபட்டை தேவைப்படலாம்; அதைத் தாளம் ஈடுசெய்யாது. பிறகு, உங்கள் தங்கை களைப்பில்லாத வேளையில் சமதரையில் இயல்பாக நடக்கும்போது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். 84 என்றால் மெட்ரோனோம் செயலியையும் 84-இலேயே வையுங்கள்; பாட்டானால் அதே வேகத்தில் ஓடுவதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டுக்காக அவர் நடையை மாற்றக் கூடாது, நடைக்கேற்ற பாட்டே வேண்டும். தாளக்கட்டு இல்லாத ஆலாபனை, விருத்தம் இதற்கு ஆகாது. சரணத்தில் வேகம் மாறும் சினிமாப் பாட்டுகளும் அப்படித்தான்; எவ்வளவு பிடித்த பாட்டானாலும் தாளம் மாறும் இடத்தில் கால் தடுமாறும். பழகிய பின், பிசியோதெரபிஸ்ட் சொன்னால், ஐந்து சதவீதம் கூட்டி 88-க்குப் போகலாம். சிறுமூளை பாதிப்பால் தள்ளாட்டம் உள்ளவர்களுக்குத் தாளத்தோடு அடியைப் பொருத்துவதே கடினமாக இருக்கலாம் என்பதால், தொடக்கத்தில் யாராவது பக்கத்தில் நடப்பது நல்லது.

இயர்போன் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பது வேண்டவே வேண்டாம். கூடத்திலோ மொட்டைமாடியிலோ ஸ்பீக்கரில் கேட்டால் போதும். உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும் என்பதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890-லேயே விவரித்திருக்கிறார். உங்கள் ஊர் வெயிலுக்கு அதிகாலையே பொருத்தமான நேரம். அப்படிக் கூடிய தொல்லை, உடல் குளிர்ந்து ஓய்வெடுத்தால் தணிந்துவிடும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாமல், கால் பலவீனம் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கக்கூடும் என்பதால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.