பழைய லாத் சுவரில் பூச்சு உதிராமல் ஸ்விட்ச் பாக்ஸ் பதிப்பது எப்படி?

அமெரிக்காவின் பழைய வீடுகளில் மரத் தூண்கள் மேல் லாத் எனப்படும் ஒன்றரை அங்குல அகல மெல்லிய மரப் பட்டிகளை இடைவெளி விட்டு அடித்து, அதன்மேல் சாந்து பூசியிருப்பார்கள். அந்த இடுக்குகள் வழியே பின்பக்கம் வழிந்து இறுகிய சாந்துதான் பூச்சைத் தாங்கும் கொக்கி. பட்டி அதிர்ந்தால் கொக்கி உடையும், சுற்றிலும் பூச்சு உப்பிவிடும். எனவே முன்னும் பின்னும் இழுக்கும் மின்ரம்பம் வேண்டவே வேண்டாம்.

முதலில் பிரேக்கரை அணைத்து டெஸ்டரால் சோதியுங்கள். 1978-க்கு முந்தைய வீடென்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், முகக்கவசம் அவசியம்.

சிறு துளையிட்டுப் பட்டி எங்கே என்று பாருங்கள். பாக்ஸின் நடுவும் ஒரு பட்டியின் நடுவும் ஒன்றாக அமையட்டும். அப்போது அந்த ஒரு பட்டி மட்டும் முழுதாக வெட்டுப்படும். மேலும் கீழும் உள்ளவற்றில் ஓரம்தான் போகும். பாக்ஸின் காதுகளை (மேலும் கீழும் நீண்டிருக்கும், திருகு ஓட்டையுள்ள தகடுகளை) திருக மிச்ச மரம் கிடைக்கும். இந்த இடத்தேர்வில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஆசிலேட்டிங் கருவியில் (பிளேடு சிறிதாக இடவலம் அதிர்ந்து வெட்டும் கைக்கருவி) கார்பைடு பிளேடு போட்டுப் பூச்சை வெட்டுங்கள், பிறகு பட்டிக்கு மரம் அறுக்கும் பிளேடு. நடுப்பட்டியை ஒரு பக்கம் பாதி வெட்டி, மறுபக்கத்தை முடித்துவிட்டுத் திரும்புங்கள். ஒரு முனையை முழுதாக அறுத்தால் பட்டி துள்ளும். காய்ந்த மரம் பிளக்கும், ஆதலால் திருகுக்கு முன்துளை போடுங்கள். இரண்டு 14 கேஜ் (கம்பித் தடிமன் அளவு) கேபிள் வந்தால் 18 கன அங்குல பாக்ஸ் வாங்குங்கள். பாக்ஸைச் சுற்றியுள்ள இடைவெளி 1/8 அங்குலத்தைத் தாண்டினால் பிளாஸ்டரால் அடைக்க வேண்டும்.