ஐந்து வாரம் ஒரே கப்பலில்

வணக்கம் சார்,

தூக்கம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், 42 இரவு ஒரே கப்பலில் இருந்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். காரணம் இருக்கிறது. நானும் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். அவருக்குக் கடல் என்றால் உயிர். ஒரே கப்பலில் மூன்று பயணங்களை, ஒன்று முடிகிற அன்றே அடுத்தது தொடங்குகிற மாதிரி கோத்து வைத்திருக்கிறார். மொத்தம் ஐந்து வாரம். முன்பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

எனக்கு மூன்று பயம். அத்தனை நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்காதா? உடம்புக்கு ஏதாவது வந்தால் நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் இரண்டு பேரும் வேலைக்குப் போனவர்கள், பகல் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததே இல்லை. அந்தச் சின்ன அறையில் ஐந்து வாரம் தாக்குப்பிடிக்குமா?

ஒரு பை நிறையப் புத்தகம் எடுத்துப்போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விதான் எளிது, அதிலிருந்தே தொடங்குகிறேன். பை நிறைய வேண்டாம், மூன்று புத்தகம் போதும். நான் பதினொன்று கொண்டுபோனேன், முடித்தது இரண்டு, அதிலும் ஒன்று கப்பல் நூலகத்தில் யாரோ விட்டுப்போன துப்பறியும் கதை.

படிக்காமல் என்ன செய்தேன் என்றால், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதையேதான் செய்தேன். தண்ணீரைப் பார்த்தேன். முதல் வாரம் அது யாருக்கும் முடியாது. எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், அறைக்கு வருகிற நிகழ்ச்சி நிரலில் பேனாவால் கோடு போட்டு, பத்து மணிக்கு நடனம், பதினொன்றுக்கு விரிவுரை, அப்புறம் ஏதோ ஏலம் என்று மாடி மாடியாக ஏறி இறங்குவார்கள். நானும் மனைவியும் ஓடினோம். இரண்டாம் வாரம் ஒருநாள் அந்தத் தாளைப் பிரிக்காமலே மேஜையில் வைத்துவிட்டுப் போனோம். என் கணக்கில் பயணம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

தினமும் மதியம் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, கப்பல் எங்கே இருக்கிறது, காற்று என்ன வேகம், அடியில் எவ்வளவு ஆழம் என்று சொல்வார். ஒருநாள், நாலாயிரம் மீட்டருக்கு மேல் என்றார். நான் அப்போது நீச்சல் குளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். குளத்தில் ஆள் உயரம்கூடத் தண்ணீர் இல்லை, அதில் ஒரு பெரியவர் இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஓரத்துக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, மிகப் பத்திரமாக நீந்திக்கொண்டிருந்தார். ஆழத்தைக் கேட்டுத் தலையை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டு நீச்சலைத் தொடர்ந்தார். இந்த மாதிரி காட்சிகள் தினம் ஒன்றாவது கிடைக்கும். பைத்தியம் பிடிக்காது.

திசை என்று ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கப்பல் பெருங்கடலில் மேற்கே போனால் ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள், அன்றைய நாளுக்கு 25 மணி நேரம். கிழக்கே போனால் அதே மணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரே வாரத்தில் நாலைந்து மணி நேரம் போய்விடும். தூக்கம் பற்றி எழுதும்போது எனக்குக் கப்பல் ஞாபகம் வந்தது அதனால்தான். எந்தப் பயணம் எந்தப் பக்கம் போகிறது என்று கணவரைக் கேட்டுப் பாருங்கள்.

அலுப்பு வரும், ஆனால் கடலால் இல்லை, கப்பலால். அதிலும் உங்களைப் போலக் கோத்த பயணத்தில். கப்பலுக்கு ஒவ்வொரு பயணமும் புதுசு. அதே வரவேற்பு விருந்து, அதே பாட்டுக் கச்சேரி, நகைச்சுவைக்காரர் அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்திச் சிரிக்க வைப்பது, கடைசி நாளில் கடைக்காரர்கள் ‘இதுதான் கடைசி வாய்ப்பு’ என்று கூவுவது. அந்தக் கடைசி வாய்ப்பை நான் மூன்று முறை தவறவிட்டிருக்கிறேன். அவசரகால ஒத்திகையும் மூன்று முறை. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல், எல்லோரும் தங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். இதில் மட்டும் நான் முணுமுணுக்கவில்லை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறியிருந்த பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய விதி. புறப்படும் முன்பு, அல்லது புறப்பட்ட கையோடு நடத்தியாக வேண்டும் என்று 2015இல்தான் மாறியது.

பயணம் மாறுகிற நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அது இரண்டு முறை வரும். முந்தின இரவே நடைபாதை நெடுக ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் பெட்டிகள் வந்து நிற்கும், உங்கள் கதவில் மட்டும் எதுவும் இருக்காது. காலையில் இரண்டு வாரமாக உங்களோடு சாப்பிட்டவர்கள் அவசரமாகக் கட்டிப்பிடித்து, கட்டாயம் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். பத்து மணிக்குக் கப்பல் காலி. தொடர்ந்து பயணம் செய்கிறவர்களை மட்டும் ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள், நாங்கள் முப்பது பேர் இருப்போம். கையில் ஆளுக்கொரு புது அறை அட்டை. ‘கப்பலில் ஒருவரும் இல்லை’ என்று கணக்கு முடியும்வரை காத்திருந்து, வரிசையாக இறங்கி, குடிவரவு அதிகாரியிடம் முகத்தைக் காட்டிவிட்டு, இறங்கின அதே பாலத்தில் ஏறினோம். எல்லாத் துறைமுகத்திலும் இப்படி இறக்கி ஏற்ற மாட்டார்கள், அது அந்தந்த நாட்டைப் பொறுத்தது.

உள்ளே வந்தால் அது வேறு கப்பல். எல்லா அறைக் கதவும் திறந்து கிடந்தன. உறை உரித்த மெத்தைகள், நடைபாதையில் இடுப்பு உயரத்துக்கு அழுக்குத் துணிக் குவியல், அதற்கு நடுவே ஊழியர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், நடக்கிற ஆள் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பையன் ஒரு கையில் தலையணைகளை அணைத்துக்கொண்டு, மறு கையால் எங்களுக்கு வழிவிட்டு, சிரித்தபடி, ஒரு மணிக்குள் எல்லா அறையும் தயாராக வேண்டும் என்றான். ஏழு மாத ஒப்பந்தம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. கடல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை அவனுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு கொடுக்கச் சொல்கிறது, அந்தப் பத்தையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. தினக் கணக்கில் சேர்க்கிற சேவைக் கட்டணம் போக, அவன் கையில் நேராகவும் ஏதாவது கொடுங்கள்.

சாயங்காலம் புது ஆட்கள். லிஃப்டில் நின்றுகொண்டு சாப்பாடு எந்த மாடி என்று கேட்பார்கள், நீங்கள் பழைய குடித்தனக்காரர் தோரணையில் பதில் சொல்வீர்கள். முதல் முறை அதில் ஒரு கர்வம் இருக்கும். இரண்டாவது மாற்றத்தில் எனக்கு அது செத்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள். மூன்றாம் முறை சொல்லும்போது என் வாழ்க்கை எனக்கே மனப்பாடச் செய்யுள் மாதிரி கேட்டது. அந்த ஆறு வாரத்தில் உண்மையாகவே களைப்பாக இருந்த இடம் இதுதான்.

அதனால் என்னைக் கேட்டால், செலவு பக்கத்தில் பக்கத்தில் வருகிறது என்றால், மூன்றைக் கோப்பதைவிட ஒரே நீளப் பயணம் நல்லது. 1922இல் நியூயார்க்கிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட லக்கோனியா கப்பல் காலத்திலிருந்தே அப்படிப்பட்ட பயணங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் அங்கே ஒரு ஊரே உருவாகிவிடும், ஊர் என்றால் நாற்காலிச் சண்டை, கோஷ்டி, வம்பு எல்லாம் சேர்த்துத்தான். கோத்ததுதான் கிடைக்கிறது என்றால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் அறை எண் ஒன்றுதானா? இல்லையென்றால் மாற்ற நாளில் நீங்களும் மூட்டை கட்ட வேண்டும். விசா ஒருமுறை நுழைவுக்கா, பலமுறைக்கா? கப்பல் ஒரு நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் பொதுவாக அது புது நுழைவு, ஒற்றை நுழைவு விசாவோடு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்கள் வந்தால் இன்னொரு வேடிக்கை. வெளிநாட்டில் பதிவாகி அந்தக் கொடியோடு ஓடுகிற கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, நடுவே தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டால்தான் விலக்கு. லாஸ் ஏஞ்சலஸ் முதல் கனடாவின் வான்கூவர் ஒரு பயணம், வான்கூவர் முதல் சியாட்டில் இன்னொன்று, தனித்தனியே இரண்டும் சரி. ஒரே கப்பலில் கோத்தால் தப்பு, வான்கூவரைத் தொலைதூரமாகக் கணக்கில் எடுப்பதில்லை. கணவர் கோத்து வைத்திருப்பதில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

உடம்பு. பெரிய கப்பல்களில் மருத்துவரும் செவிலியர்களும் உண்டு, எக்ஸ்ரே வரை வசதி இருக்கும், பெரிய அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. கரைக்கு எட்டுகிற தூரம் என்றால் ஹெலிகாப்டர் வரலாம். நடுப் பெருங்கடலில் வராது, கப்பல்தான் திரும்பிப் போக வேண்டும். அவசரமாகக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் செலவும் அடங்கிய காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். வழக்கமான மாத்திரைகளைப் பயண நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் பிடிக்காது என்றால் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்மாடி அறை. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் மீனுக்கு இருக்கிற மாதிரித் துடுப்புகள் இருக்கின்றன, முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவை பெரிதாகக் குறைக்காது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். அப்புறம் தரைக்கு வந்தால் தரை ஆடும், எனக்கு இரண்டு நாள் ஆடியது.

நான் விழுந்தது வாந்திபேதியில். மூன்றாம் வாரம். நோரோவைரஸ் என்றார்கள், எல்லாம் நின்று இரண்டு நாள் ஆகும்வரை அறையை விட்டு வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். அந்த வைரஸுக்கு, வாசலில் வைத்திருக்கிற சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பஃபேயில் எல்லோரும் தொடுகிற கரண்டியைத் தொட்ட பிறகு சாப்பிடும் முன் கட்டாயம் கழுவ வேண்டும். கப்பல் எதுவென்று சொல்லப் போவதில்லை, ஆனால் மருத்துவ அறையின் பில்லைப் பார்த்தபோது எனக்கு மறுபடி குமட்டியது. அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது ஜன்னல். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலைக் கொரோனாவால் நிறுத்திவைத்தபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள், அவர்களில் ஜன்னல் இல்லாத உள்ளறைக்காரர்களை நான் அன்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு உள்ளறை போதும். ஐந்து வாரத்துக்கு வேண்டாம், வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

இனி உங்கள் கூச்சமான கேள்வி. பத்தாம் நாள் எனக்கும் மனைவிக்கும் பெரிய சண்டை, காரணம் அலமாரிக் கதவு. அதைத் திறந்தால் குளியலறைக் கதவைத் திறக்க முடியாது, யார் எப்போது திறப்பது என்று தொடங்கி, கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பதுவரை போய்விட்டது. மறுநாள் காலை அவர் துணி துவைக்கிற அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். (அறையில் இஸ்திரிப் பெட்டி வைக்க விடமாட்டார்கள், தீ பயம். அதனால் எல்லோரும் அங்கேதான் வருவார்கள், கப்பலின் மொத்தச் செய்தியும் அந்த ஒரு இடத்தில் கிடைக்கும்.) நான் மேல்தளத்துக்குப் போனேன். மதியம் சாப்பாட்டில் சந்தித்தபோது இரண்டு பேரிடமும் சொல்வதற்கு ஏதோ இருந்தது. பேசிவைக்காமலே அது வழக்கமாகிவிட்டது, காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே நாங்கள் சந்திப்பதில்லை.

பெரும்பாலான கப்பல்களில் அறைச் சுவரெல்லாம் உலோகத் தகடு, காந்தம் ஒட்டும். கொக்கி வைத்த காந்தம் நாலைந்து எடுத்துப்போங்கள், துண்டு, தொப்பி, பை எல்லாம் சுவரேறிவிட்டால் அறை பெரிதாகிவிடும். கடலில் வைஃபைக்குப் பணம் கட்ட மனசில்லாமல் நாங்கள் காந்தத்தில் சீட்டுச் செருகித்தான் சேதி சொல்லிக்கொண்டோம். ஐந்தாம் வாரம் ஒருநாள் அறைக்கு வந்தேன், கண்ணாடிப் பக்கத்தில் அவர் எழுத்து: ‘ஏழாம் தளம், பின்பக்கம். டால்பின் தெரிகிறது. வந்தால் பேசாமல் உட்காரவும்.’

டால்பின் நான் போவதற்குள் போய்விட்டது. உட்கார்ந்தேன்.

அன்புடன்.

பின்குறிப்பு: முன்பணம் கட்டும் முன் அந்த அறை எண்ணைக் கேட்க மறக்காதீர்கள்.