ஆங்கிலக் கொப்பியின் இடப்பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கில வகுப்பில் உங்களைச் சிரமப்படுத்துவது எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி ரீச்சர்மாரைப் பற்றிய முறைப்பாடு. கல்லடியில் ஓய்வாக இருந்தாலும், 31 வருடம் கரும்பலகைப் பக்கம் நின்றவள் நான். என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

*

மிஸ், இந்த வருடம் புது இங்கிலிஷ் ரீச்சர் வந்திருக்கிறா. முதல் நாளே ஒரு பக்கம் நிறைய விதி தந்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னா. சீ.ஆர். கொப்பியில் வலப்பக்கம் மட்டும் எழுத வேணும், இடப்பக்கம் வெறுமையாக இருக்க வேணும். திங்கட்கிழமை 10 புதுச்சொல், ஒவ்வொன்றுக்கும் சொந்த வசனம். மாதம் ஒரு கதைப்புத்தகம். ஒப்படை பிந்தினால் பாதிப் புள்ளி. பார்த்து எழுதினால் இரண்டு பேருக்கும் பூச்சியம். பாடவேளை 40 நிமிடமும் தமிழ் பேசக் கூடாது. அரைக் கொப்பி வீண் என்று அம்மா ஏசுறா. இதெல்லாம் நியாயமா?
– தரம் 10 மாணவி, களுவாஞ்சிகுடி

இடப்பக்க விதியைப் போட்ட ரீச்சரை எனக்குப் பார்க்க வேணும் போல இருக்கிறது, மகள். அந்த வெறும் பக்கம் உனக்குத்தான். வலப்பக்கத்தில் நீ எழுதுவாய், ரீச்சர் கோடு போடுவா. மறுகா, கோடு விழுந்த வசனத்தை மட்டும் இடப்பக்கத்தில் நீயே திருத்தி எழுத வேணும். வருட முடிவில் இடப்பக்கங்களை மட்டும் புரட்டிப் பார். முதலாம் தவணையில் நிரம்பி வழியும், மூன்றாம் தவணையில் ஒள்ளுப்பம்தான் இருக்கும். எந்தப் புள்ளி அறிக்கையும் இதைப்போல உன் வளர்ச்சியைக் காட்டாது. கொப்பி வீணில்லை என்று அம்மாவிடம் சொல்.

இது எனக்குத் தெரிய ஒரு காரணம் உண்டு. 1978 நவம்பரில் சூறாவளி அடித்தபோது நான் சின்ன வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கூரை போய்விட்டது, வீட்டில் கொப்பியெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியதும் எங்கள் இங்கிலிஷ் ரீச்சர் ஆளுக்கு ஒரு தாள் தந்து, உங்கள் வளவில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னா. எங்கள் வளவில் 23 தென்னை நின்றது. காற்று அடங்கியபோது நான்குதான் மிச்சம். விழுந்தது என்பதற்கு எனக்கு இங்கிலிஷ் தெரியாது. 'த கோக்கனற் றீ இஸ் சிலீப்பிங்' என்று எழுதினேன். ரீச்சர் அந்தச் சொல்லை வெட்டவில்லை. மேலே சிவப்பில் சரியான சொல்லைப் போட்டு, பக்கத்தில் தமிழில் 'இதுவும் சரிதான்' என்று எழுதினா. நான் இங்கிலிஷ் ரீச்சராக வந்ததற்கு அந்த இரண்டு சொல்லும் ஒரு காரணம்.

புதுச்சொல்லுக்குச் சொந்த வசனம் கேட்பதும் அதனால்தான். 'அழகான' என்ற சொல்லுக்கு 'த காடின் இஸ் பியூற்றிபுல்' என்று முப்பது பிள்ளைகள் எழுதுவார்கள். யாருடைய தோட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பிந்தினால் பாதிப் புள்ளி என்பது சரியே. ஆனால் மார்கழி மழையில் குருமண்வெளித் துறையில் வாவி கடக்கும் பாதைப் படகு ஓடாத நாளில் மண்டூர்ப் பிள்ளை எப்படி வந்து ஒப்படை தரும்? அப்படி ஒரு காரணம் இருந்தால் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள். கேட்காத ரீச்சர் குறைவு. பிந்திய பிறகு சொல்லும் கதைதான் எங்களுக்குக் கசக்கும்.

தமிழே பேசக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வாய் திறக்கப் பயந்து 40 நிமிடம் ஊமையாக இருக்கும் பிள்ளை இங்கிலிஷும் படிக்காது. தெரியாததை எப்படிக் கேட்பது என்ற ஒரு வசனத்தை ரீச்சரிடம் முதலில் கேட்டுப் பாடமாக்கி வைத்துக்கொள். அது போதும், விதியும் மீறாது.

*

ரீச்சர், நான் விவசாயி. மகன் தரம் 11. வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்து 12 கட்டுரை பாடமாக்கி வைத்திருக்கிறான். தவணைப் பரீட்சையில் 68 புள்ளி எடுத்தான். ஆனால் வகுப்பு ஒப்படைக்கு 'இது உன்னுடையது இல்லை' என்று பூச்சியம் விழுந்திருக்கு. பாடமாக்கிறது பிழையா? எனக்கு இங்கிலிஷ் தெரியாது.
– ஒரு தகப்பன், வெல்லாவெளி

தம்பி, பாடமாக்குவது பிழையில்லை. தேவாரமும் வாய்ப்பாடும் அப்படித்தான் வந்தது. ஆனால் கட்டுரை வேறு.

ஒருமுறை 'நான் போன பயணம்' என்று எழுதக் கொடுத்தேன். 14 பேர் கண்டிக்குப் போயிருந்தார்கள். 14 பேருடைய பஸ்ஸும் பேராதனைப் பூங்காவில் ஒரே நேரத்தில் நின்றது, 14 பேரும் ஒரே மரத்தடியில் சோற்றுப் பார்சல் அவிழ்த்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், கண்டி எப்படி இருந்தது என்று. "செங்கலடி தாண்டினதில்ல மிஸ்" என்றான். கோபத்தை விட வெட்கம்தான் வந்தது. அந்தக் கேள்வியைக் கொடுத்தது நான்தானே.

அடுத்த கிழமை, உங்கள் வீட்டில் இரவில் கடைசியாகத் தூங்குவது யார் என்று எழுதச் சொன்னேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வரும் ஒரு பொடியன் நான்கு வசனம் எழுதினான். 'எலிபன்ற் கம் நைற். அப்பா சவுற். ஐ லைற் பயர். அம்மா நோ சிலீப்.' காலம் பிழை, இணைப்புச் சொல் ஒன்றுமில்லை. ஆனால் வட்டைக் காவலும், அதாவது வயல் காவலும், யானைப் பயமும் அந்த நான்கு வசனத்துக்குள் நின்றது. கண்டிக் கட்டுரைகளுக்குப் போட்டதை விடக் கூடப் புள்ளி போட்டேன். மற்றவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

பரீட்சையையும் பாருங்கள். சாதாரண தர ஆங்கிலத்துக்கு இரண்டு வினாத்தாள்: முதலாவது ஒரு மணித்தியாலம், இரண்டாவது இரண்டு மணித்தியாலம். வாசித்து விளங்கும் பகுதியும் மொழிப் பயிற்சிகளும் போக, கடிதம், படத்தை அல்லது வரைபைப் பார்த்து விவரிப்பது, கடைசியில் 200 சொல்லளவில் கட்டுரையோ பேச்சோ கதையோ வரும். நூலகத்தைப் பற்றிப் பேச்சு கேட்டால் உங்கள் மகன் பாடமாக்கிய பன்னிரண்டில் எதைக் கொண்டுபோய் ஒட்டுவான்? ஒட்டினால் திருத்துபவருக்கு இரண்டாம் வரியிலேயே தெரியும். நாங்கள் ஒரு மேசையில் நூற்றுக்கணக்கில் திருத்துகிறவர்கள்.

உங்களுக்கு இங்கிலிஷ் தெரியாதது தடையே இல்லை. பின்னேரம் மகனைக் கூப்பிட்டு, இன்றைக்கு வட்டையில் நடந்ததை ஐந்து வசனத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுகா கொப்பியைப் பார்த்தபடி அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்ல வேணும். தடுமாறாமல் சொன்னால் அவனுடையது. முழித்தால் கடன் வாங்கியது. அந்தப் பூச்சியத்தைப் பற்றி ரீச்சருடன் சண்டைக்குப் போக வேண்டாம். திரும்ப எழுதித் தந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

*

மிஸ், வகுப்பில் எழும்பிப் பேசச் சொன்னால் 'இஸ்கூல்' என்று வருது. எல்லாரும் சிரிக்கிறாங்க.
– தரம் 9 மாணவன், கல்முனை

மனே, நம்மட நாக்கு அப்படி. தமிழில் எந்தச் சொல்லும் 'ஸ்கூ' என்று தொடங்காது, அதனால் முன்னுக்கு ஒரு 'இ' தானாக வந்து நிற்கும். 'ஸ்' என்ற சத்தத்தை மட்டும் பாம்பு சீறுவது போல நீட்டிப் பிடித்து, அதிலிருந்து 'கூல்' என்பதற்குப் போ. ஒரு கிழமை குளிக்கும்போது சொல்லிப் பார், சரி வரும்.

சாதாரண தர எழுத்துப் பரீட்சையில் பேச்சுக்குப் புள்ளி இல்லை. அதனால்தான் பல வகுப்புகளில் பேச்சு நடப்பதே இல்லை. உன் ரீச்சர் எழும்பச் சொல்கிறா என்றால் நீ கொடுத்துவைத்தவன். சிரிப்பவர்களையும் ஒருநாள் எழும்பச் சொல்லும்படி அவவிடம் காதோடு சொல்லிவை.

*

இங்கிலிஷ், இங்கிலிஷ் என்று ஓடினால் பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போகாதா?
– ஓய்வுபெற்ற அலுவலர், காரைதீவு

ஐயா, இந்தக் கேள்வி காரைதீவில் இருந்து வந்ததுதான் எனக்குச் சிரிப்பு. உங்கள் ஊரில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இங்கிலிஷ் பள்ளிக்கூடங்களில் படித்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. அவரே 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இங்கிலிஷ் சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். பழைய யாழை ஆராய்ந்து நூல் எழுத அவருக்குக் கணக்கும் வேணும், சிலப்பதிகாரமும் வேணும். நான் கண்டவரை, தமிழில் ஒரு பந்தி ஒழுங்காக எழுதத் தெரியாத பிள்ளைதான் இங்கிலிஷிலும் திண்டாடும். கெடுப்பது எது என்றால், இரண்டையும் அரைகுறையாக விடுவது.

*

ரீச்சர், மகள் இங்கிலிஷுக்கு இரண்டு ரியூசன் போறா. பள்ளி ஒப்படை செய்ய நேரமில்லை என்கிறா. எதை விடுவது?
– ஒரு தாய், காத்தான்குடி

ஒரு ரியூசனை விடுங்கள் தங்கச்சி. எதை என்று கேட்டால், மொடல் பேப்பர் செய்வித்து விடையைப் பலகையில் எழுதிவிட்டுப் போகும் வகுப்பை. பிள்ளையின் கொப்பியைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்துபவர் இருந்தால் அவரை விடாதீர்கள். இரண்டு இடத்திலும் யாரும் கொப்பி பார்ப்பதில்லை என்றால் இரண்டையும் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூங்க விடலாம்.

*

உயர்தரத்தில் பொது ஆங்கிலம், கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளிக்குச் சேராதுதானே? பிறகு எதற்கு?
– உயர்தர மாணவன், செங்கலடி

சேராது. ஆனால் கம்பஸில் முதல் விரிவுரை இங்கிலிஷில் நடக்கும்போது, இந்தக் கேள்வியைக் கேட்டது ஞாபகம் வரும்.

*

ஓ.எல்.லுக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கலாமா? சித்திரம் எடுத்தால் சுகம் என்கிறார்கள்.
– தரம் 9 மாணவி, அக்கரைப்பற்று

சித்திரமும் இலக்கியமும் ஒரே தொகுதிப் பாடங்கள், ஒன்றைத்தான் எடுக்கலாம். இலக்கியத்தில் கவிதை, உரைநடை, நாடகம், நாவல் எல்லாம் உண்டு. மூலத்தையே வாசிக்க வேணும். கதைச் சுருக்கத்தை வைத்து ஓட்டலாம் என்று நினைத்தால் சித்திரத்துக்குப் போ. அதுவும் சுகமில்லை என்று சித்திர சேர் சொல்வார்.

*

மாதம் ஒரு இங்கிலிஷ் புத்தகம் வாசித்துக் குறிப்பு எழுத வேணுமாம். எங்கட வீட்டில் ஒரு புத்தகமும் இல்லை.
– தரம் 8 மாணவன், வாழைச்சேனை

அரசாங்கம் இலவசமாகத் தந்த பாடநூலும் பயிற்சி நூலும் இருக்கிறதே, மகன். பாடநூலில் ரீச்சர் தாண்டிப் போகும் வாசிப்புப் பகுதிகள் எத்தனையோ உண்டு, அங்கே தொடங்கு. பொது நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போ. தரம் 8 என்று வெட்கப்படாமல் தரம் 4 பிள்ளை வாசிக்கும் புத்தகத்தை எடு. வரும் வழியில் பெயர்ப்பலகைகளைப் பார். நம் நாட்டில் மூன்று மொழியிலும் எழுதுகிறோம், தமிழை வாசித்துவிட்டுக் கீழே இங்கிலிஷை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுத்துப் பிழை கண்டுபிடித்தால் அதையே குறிப்பாக எழுதிக் கொடு. நிறையக் கிடைக்கும்.

*

ரீச்சர், நான் புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியன். ஒரு வகுப்பில் 42 பிள்ளைகள், மூன்று வகுப்பு. கட்டுரைக் கொப்பி திருத்தியே இரவு போகுது. எப்படிச் சமாளித்தீர்கள்?
– இளம் ஆசிரியர், திருக்கோவில்

முதலில், எல்லாப் பிழையையும் திருத்துவதை நிறுத்துங்கள் தம்பி. கொப்பி முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை மூடி வைத்துவிடும், ஒன்றையும் பாராது. இந்தக் கிழமை இறந்தகால வினை மட்டும் பார்ப்பேன் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். அடுத்த கிழமை ஆண்பால், பெண்பால். நம் பிள்ளைகள் அம்மாவுக்கும் 'ஹீ' போடுவார்கள். 'ஏ'யும் 'த'வும் தமிழில் இல்லாத சாமான், அதைத் தரம் 11 வரை தள்ளிப்போட்டாலும் குடி முழுகாது. வகுப்பை மூன்று கூறாக்கி, கிழமைக்கு 14 கொப்பி மட்டும் எடுங்கள். நல்ல வசனம் ஒன்று கண்டால் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டைத்தான் அவர்கள் வீட்டில் காட்டுவார்கள்.

கொப்பிக் கட்டை பஸ்ஸில் கொண்டுபோனால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மேல் தட்டில் வைத்துவிட்டுக் கல்லடியில் இறங்கிவிட்டேன். 38 கொப்பியும் பொத்துவில் வரை போய், மூன்றாம் நாள் கொண்டக்டர் கையில் திரும்பி வந்தது. அந்த மூன்று நாளும் வகுப்பில் இருந்த சந்தோஷத்தை நான் வேறொரு நாளும் கண்டதில்லை.