புயலுக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்கும் வேலைக்குப் போயிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி?

போயிருக்கிறேன், கஜா புயலுக்கு. ஆனால் 'வீடு கட்டிக்கொடுத்தேன்' என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சித்தாள் வேலை பார்த்தேன், அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. முதல் வாரம் வேன் வேனாகப் போன பிஸ்கட்டும் பழைய துணியும் மெயின்ரோட்டு ஊர்களிலேயே இறங்கிவிட்டன. நாங்கள் ஐந்து பேர் டிசம்பர் நடுவில்தான் மதுரையிலிருந்து கிளம்பினோம். பட்டுக்கோட்டை தாண்டி உள்ளே போகப் போக, தென்னந்தோப்புகளில் பாதி மரம் வேரோடு சாய்ந்தும் பாதி நடுவில் முறிந்தும் கிடந்தது. குடிசைகளில் மண்சுவர் மட்டும் மிச்சம், மேலே தார்ப்பாய்.

ஒரு அம்மாவின் வீட்டுக்கு எங்களை அனுப்பினார்கள். சவுக்குக் கம்பு எங்கள் செலவு. கீற்றுக்கு அலையவே வேண்டாம், காலடியெல்லாம் மட்டை. அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு, அப்புறம் முடைய வேண்டும். அந்த அம்மா கையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே ஒரு கீற்றை முடைந்து போடுவார். அதற்குள் நான் நாலு ஓலையை மடக்கியிருந்தால் அதிகம். என் முதல் கீற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத மாட்டுக்கொட்டாய்க்கு வச்சுக்கலாம் தம்பி" என்றார்.

கூரை வேய வந்த பெரியவர், நான் பெருமையாக வாங்கிப்போன பிளாஸ்டிக் கயிற்றை ஓரமாகப் போட்டுவிட்டார். வெயிலில் இத்துப்போகுமாம். தேங்காய் நார்க்கயிறுதான். இறவாரத்தில் தொடங்கி, வரிசைமேல் வரிசையாகக் கட்டிக்கொண்டே உச்சிக்கு ஏறினார். நெருக்கிப் போட்டால்தான் ஒழுகாது. நான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் உள்ளங்கை முழுக்கக் கீறல்.

போக நினைப்பவர்கள் ஒரு மாதம் கழித்துப் போங்கள். கூட்டம் கலைந்திருக்கும், வேலை அப்படியே இருக்கும். சாப்பாட்டுக்கு அவர்களை நம்பிப் போகாதீர்கள். (அரிசி பருப்போடு போன எங்களுக்கும் அந்த அம்மா மீன்குழம்பு வைத்துவிட்டார், அது வேறு கதை.) கையில் பணம் இருந்தால் உள்ளூர் ஆளுக்குக் கூலியாகக் கொடுங்கள். தோப்பு போனதில் அவருக்கும் வேலை இல்லை. என் இரண்டு நாள் லீவைவிடப் பெரியவருக்குக் கொடுத்த கூலிதான் அந்த ஊருக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்துக் கூரை மாற்றும்போது கீற்றை வெளியிலிருந்து விலைக்கு வாங்கினார்களாம். தோப்பில் அப்போது இடுப்புயரக் கன்றுகள்தான்.