மொட்டை நோட்டீஸுக்கு என்ன பதில்?

கேள்வி: என் அண்ணி சட்டமன்றத் தேர்தலில் முதல்முறையாக நிற்கிறார். வாக்குப்பதிவுக்கு இன்னும் 9 நாள். நேற்று விடியற்காலை எங்கள் டவுனில் வீட்டு வாசல்தோறும் ஒரு நோட்டீஸ் கிடந்தது. ‘புருஷனைத் துரத்தியவர்’, ‘கூட்டுறவு வங்கிக் கடனை ஏப்பம் விட்டவர்’ என்று அதில் இரண்டு புகார். இரண்டுமே பொய். வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. எதிர் வேட்பாளரின் குடும்ப விவகாரம் ஒன்று எங்களுக்குத் தெரியும். பதிலுக்கு அதை எடுத்துவிடலாம் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: எடுத்துவிடாதீர்கள். அது நிஜமாகவே நடந்த விஷயம் என்றாலும் வேண்டாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு பொய்யைத்தான் பிடிக்கும். தேர்தல் நடத்தை விதியோ, பொதுவாழ்வோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடவே கூடாது என்கிறது; அங்கே உண்மை, பொய் என்ற பேச்சே இல்லை. 2021 தேர்தலில் அப்போதைய முதல்வர் பழனிசாமியின் தாயாரைக் குறித்த பேச்சுக்காக ஆ.ராசாவுக்கு 48 மணி நேரம் பிரசாரத் தடை வந்தது. தவிர, நீங்களும் இறங்கிவிட்டால் உங்கள் புகாரை ‘ரெண்டு பேரும் திட்டிக்கிறாங்க’ என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

முதலில் அந்த நோட்டீஸின் அடிப்பகுதியைப் பாருங்கள். அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி இருக்கிறதா? இல்லையென்றால் அதுவே குற்றம். அதே சட்டத்தின் 127ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘அச்சடிக்கலை, ஜெராக்ஸ்தான்’ என்ற சால்ஜாப்பு செல்லாது. கையால் எழுதிப் படியெடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் அச்சு என்றுதான் சட்டம் சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது பொய் என்று நிரூபிக்க நாளாகும். பெயர் இல்லை என்பதைக் காட்ட அந்தக் காகிதம் ஒன்றே போதும். அதனால் புகாரை இதிலிருந்தே தொடங்குங்கள்.

வெவ்வேறு தெருக்களிலிருந்து நாலைந்து பிரதி சேகரியுங்கள். எந்தத் தெரு, எத்தனை மணி, யார் எடுத்தது என்று தனித்தாளில் குறியுங்கள். நோட்டீஸ் மேல் எதுவும் எழுத வேண்டாம். தெருமுனைக் கடைகளில் சிசிடிவி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும். வாட்ஸ்அப்பில் குழுவின் பெயர், அனுப்பிய எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தச் செய்தி வந்த போனைப் பத்திரமாக வையுங்கள். கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாட்சிய சட்டம் 63-ன்படி சான்றிதழ் தர அது தேவைப்படும்.

புகாரை இரண்டு பிரதியாக எழுதித் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுங்கள், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நகல் கலெக்டருக்கும் செலவினப் பார்வையாளருக்கும் போகட்டும். செலவினப் பார்வையாளர் எதற்கு என்பீர்கள். நோட்டீஸுக்கும் காசு ஆகியிருக்கிறதே! எதிர்த் தரப்பின் வேலைதான் என்று தெரிந்தால் அது அந்த வேட்பாளரின் தேர்தல் செலவுக் கணக்கில் ஏறும். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார் செயலி இதற்கு அவ்வளவாக உதவாது. கண்ணெதிரே நடப்பதை அதிலேயே படம் பிடித்தால்தான் ஏற்கும், போனில் ஏற்கெனவே இருக்கிற படத்தை ஏற்றாது. நோட்டீஸ் போடுகிறவனை நேரில் பார்த்தால் பயன்படுத்துங்கள்.

அடுத்து, நோட்டீஸில் இருக்கிற இரண்டு குற்றச்சாட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கடன் விஷயம் வாக்காளர் கேட்கக்கூடிய கேள்விதான். வங்கியில் நிலுவையில்லாச் சான்று வாங்கி, வேட்புமனுவோடு கொடுத்த படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் அண்ணி காட்டியிருக்கும் கடன் விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரு ரூபாய் இடித்தாலும் வக்கீலைப் பார்த்துவிட்டு வாய் திறவுங்கள். பொருந்தினால் அந்தச் சான்றை அப்படியே அச்சடித்துக் கொடுங்கள் (அச்சகப் பெயரோடு!). கணவர் விஷயத்துக்கு மேடையில் பதிலே வேண்டாம். அண்ணனை மைக் பிடிக்க வைத்து ‘நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம்’ என்று சொல்லவைத்தால், நாலு தெருவுக்குத் தெரிந்த வதந்தி தொகுதிக்கே தெரிந்துவிடும். வீடு வீடாகப் போகும்போது யாராவது கேட்டால், ‘பொய்ங்க, புகார் கொடுத்திருக்கோம்’ என்றால் போதும்.

தோற்றுவிட்டால் வழக்கு போடலாமா என்ற யோசனையும் வரும். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். ஆனால் வென்றவரோ அவருடைய தேர்தல் ஏஜென்ட்டோ செய்தது, அல்லது அவர்கள் சம்மதத்தோடு நடந்தது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் வழுக்கி விழுவது இந்தச் சம்மதத்தில்தான். ‘எவனோ ஆர்வக்கோளாறுல அடிச்சுட்டான்’ என்று கைகழுவிவிடுவார்கள். அதனால் நோட்டீஸ் போட்டவர் யார், அவர் எந்த பூத்தில் யாருக்கு ஏஜென்ட் என்பதை இப்போதே குறித்துவையுங்கள்.

இன்னொரு நோட்டீஸ் வரும். அநேகமாகப் பிரசாரம் ஓய்ந்த பிறகு, கடைசி 48 மணி நேரத்தில். பேப்பருக்குள் செருகி அனுப்புவது சுலபம் என்பதால், அந்த இரண்டு நாளும் காலை 4 மணிக்குப் பேப்பர் பிரிக்கும் இடத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்கட்டும். தேதி, இடம் மட்டும் காலியாக விட்டு டைப் செய்த புகார் மனு நாலு பிரதி அவர் பையில் இருக்கட்டும்.