கடற்கரை ஊரில் பிரேக் பேடையும் டிஸ்க்கையும் நாமே மாற்றலாமா?

மண்டபம் ஊரில் இருக்கிறேன், காரில் பேட் தேய்ந்து சத்தம் வருகிறது, மெக்கானிக் டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார், ஏமாற்றுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தும் கட்டைதான் பேட். டிஸ்க்கை அளந்து காட்டச் சொல்லுங்கள் தம்பி. குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் லேத்தில் கடைந்தும் பயனில்லை, புதுசுதான்.

நான் பாம்பனில் சவாரி வண்டி ஓட்டுகிறேன். 2017-இல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ரோடு வந்ததிலிருந்து ராமேஸ்வரம் வருகிற எல்லோருக்கும் அங்கே போயாக வேண்டும். இரண்டு பக்கமும் கடல். கச்சான் காற்று அடிக்கும்போது மணலும் உப்பும் சக்கரத்துக்குள் போய் அப்பிக்கொள்ளும்.

ஒரு தடவை பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பெயர்பெற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றாமல் சந்து வழியாகப் பார்த்துவிட்டு, "பேட் நல்லாருக்குண்ணே, வீல் அலைன்மென்ட் பாத்துருவோம்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில் கொண்டுவந்து கழற்றினேன். வலது முன்சக்கரத்தில் வெளிப்பேட் பாதிக்கு மேல் இருந்தது. உள்பேட் இரும்பு வரை தேய்ந்து டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருந்தது. பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கு 'பின்' (pin) என்று இரண்டு கம்பி உண்டு. அதில் ஒன்று துருவேறி இறுகிப்போய், பேடைத் தள்ளுகிற பிஸ்டன் பக்கத்து உள்பேட் ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கியிருக்கிறது. அந்தப் பின்னைக் கவனிக்காமல் எத்தனை புதுப் பேட் மாட்டினாலும் இதே கதிதான். இந்தக் கரையில் ஓட்டத்தைவிட உப்புதான் பிரேக்கைத் தின்கிறது.

"உயிர் விஷயம், கம்பெனி சர்வீஸில்தான் விடணும்" என்று சிலர் வருவார்கள். கை பழகாதவர் தொடக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியின் பின்சக்கரத்தை நானும் தொட மாட்டேன். ஆனால் சந்து வழியாகப் பார்த்ததும் சர்வீஸ்தானே?

செய்வதாக இருந்தால் மணலில் ஜாக்கி போடாதீர்கள், புதைந்து சாயும். சிமெண்டுத் தரை வேண்டும், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வையுங்கள். காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். டிஸ்க் உட்காரும் ஹப்பில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுத்த பிறகே புது டிஸ்க். துரு இருந்தால் டிஸ்க் நேராக உட்காராது, பெடல் அதிரும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். காலிப்பர் பின்னுக்கு அதற்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ். சாதா கிரீஸில் ரப்பர் ஊதிவிடும். பேடும் டிஸ்க்கும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். புதுப் பேட் மாட்டுவதற்காக பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி வெறுமனே இறங்கும். அதோடு பாம்பன் பாலத்து இறக்கத்தில் போய் நின்றால் என்ன ஆகும்?

சவாரி முடிந்து டிஸ்க் சூடு ஆறியதும் சக்கரத்துக்குள் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே பாதித் துரு குறையும். ஆனால் இங்கே வாட்டர் வாஷில் அடிப்பது வாயில் வைத்தால் கரிக்கும் போர் தண்ணீர். காசு வாங்கிக்கொண்டு உப்பின் மேல் உப்பு பூசி அனுப்புகிறார்கள். கேட்டால், "நல்ல தண்ணிக்கு எங்கண்ணே போறது?" என்கிறார்கள். குடிக்கிற தண்ணீரையே குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில், சக்கரம் கழுவ ஒரு வாளி தண்ணீரை நான் யாரிடம் போய்க் கேட்பது?