ராக்லன் கையும் ராக்லன் பிரபுவும்

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ‘ராக்லன் கை’ வைத்த டி-ஷர்ட்டுகளை இதுவரை எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பேனோ தெரியாது. ராக்லன் என்பது ஓர் ஆங்கிலேயத் தளபதியின் பெயர் என்று வெளிநாட்டு பையர் ஒருவர் அண்மையில் சொன்னார். அது உண்மையா? அவர் யார்?
— வாசகர், திருப்பூர்

பதில்: உண்மைதான். தோளில் தையல் விழாமல், அக்குளிலிருந்து கழுத்துவரை சாய்வாக ஏறும் அந்தக் கை, முதலாம் ராக்லன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய வலக் கை 26 வயதிலேயே போர்க்களத்தில் போய்விட்டது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

அவருடைய இயற்பெயர் ஃபிட்ஸ்ராய் சாமர்செட். 1788 செப்டம்பர் 30 அன்று, ஐந்தாம் போஃபர்ட் கோமகனின் கடைசி மகனாக, இங்கிலாந்தின் பேட்மின்டன் மாளிகையில் பிறந்தார். நாம் விளையாடும் பேட்மின்டனுக்குப் பெயர் தந்ததும் அதே மாளிகைதான். பட்டமும் நிலமும் மூத்த மகனையே சேரும் என்பது அந்நாட்டுப் பிரபுக் குடும்பங்களின் வழக்கமாதலால், இளைய பிள்ளைகள் படையிலோ திருச்சபையிலோ தமக்கு வழி தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சாமர்செட் 1804இல், பதினைந்து வயதில், குதிரைப்படையில் சேர்ந்தார்.

அவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது 1808ஆம் ஆண்டு. போர்ச்சுகலில் நெப்போலியனின் படைகளை எதிர்க்கப் புறப்பட்ட ஆர்தர் வெல்லஸ்லி அவரைத் தம் உதவியாளராக உடன் அழைத்துச் சென்றார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்கேற்ற அதே வெல்லஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனவர். சாமர்செட்டின் பணிவும், பிழையற்ற வேலையும், எந்தக் குழப்பத்திலும் நிதானம் இழக்காத இயல்பும் வெலிங்டனுக்குப் பிடித்துப்போயின. சில ஆண்டுகளிலேயே சாமர்செட் அவருடைய இராணுவச் செயலாளரானார். 1814இல் வெலிங்டனின் அண்ணன் மகளான எமிலியை மணந்து அந்தக் குடும்பத்திலேயே ஒருவரானார்.

1815 ஜூன் 18, நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போர்க்களம். வெலிங்டனின் அருகில் நின்றிருந்த சாமர்செட்டின் வலது முழங்கையைத் துப்பாக்கிக் குண்டு ஒன்று நொறுக்கியது. மயக்க மருந்து நடைமுறைக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. மருத்துவர் கையை வெட்டி எடுத்தபோது அவர் வாய்திறந்து ஒரு சத்தமும் போடவில்லை என்றும், அதே அறையில் காயத்தோடு படுத்திருந்த நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசருக்கு அங்கே அறுவை நடந்ததே தெரியவில்லை என்றும் பதிவுகள் கூறுகின்றன. வெட்டிய கையை அப்புறப்படுத்த எடுத்துச் சென்றபோதுதான் அவர் குரல் கொடுத்தார்: “அந்தக் கையை இங்கே கொண்டு வாருங்கள், என் மனைவி தந்த மோதிரம் அதன் விரலில் இருக்கிறது.” காயம் ஆறுவதற்குள் இடக் கையால் எழுதப் பழகத் தொடங்கினார், பிறகு வாழ்நாள் முழுவதும் இடக் கையாலேயே எழுதினார்.

1827 முதல் 1852 வரை இலண்டனில் படைத் தலைமையகத்தில் இராணுவச் செயலாளராகப் பணியாற்றினார். வெலிங்டன் மறைந்த 1852இல்தான் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. வேல்ஸில் அவருடைய முன்னோருக்கு உரியதாயிருந்த ராக்லன் கோட்டையின் பெயரைப் பட்டத்துக்குச் சூட்டிக்கொண்டார். அந்தப் பட்டப்பெயரே பின்னர் ‘ராக்லன் கோட்’ என்ற மேலங்கிக்கும், அதன் கைக்கும், உங்கள் மேசையில் விரியும் பனியன் துணிக்கும் வந்து சேர்ந்தது.

கேள்வி: கிரிமியப் போரில் ‘லைட் பிரிகேட்’ குதிரைப்படை அழிந்ததற்கு ராக்லன் பிரபுதான் பொறுப்பு என்று வகுப்பில் ஆசிரியர் சொன்னார். அது சரியா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பெரும்பகுதி சரி. 1854இல் ரஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டிஷ் படையை நடத்திச் செல்ல ராக்லன் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு 65 வயது. ஒரு பட்டாலியனைக்கூட அவர் போர்க்களத்தில் தலைமை தாங்கி நடத்தியதில்லை. கூட்டாளியான பிரெஞ்சுக்காரர்களையே பழைய பழக்கத்தில் ‘எதிரி’ என்று வாய்தவறிக் குறிப்பிட்டுவிடுவாராம்.

செப்டம்பர் 20இல் ஆல்மா ஆற்றங்கரையில் வெற்றி கிட்டியது. அக்டோபர் 25 அன்று பாலக்ளாவாவில், பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 600 அடி உயர மேட்டில் நின்று போரைப் பார்த்துக்கொண்டிருந்தார் ராக்லன். பிரிட்டிஷாரின் கூட்டாளிகளான துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் குன்றிலிருந்து இழுத்துச் செல்ல முற்படுவதாக அவருக்குத் தோன்றியது. குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரியைத் தொடர்ந்து சென்று, பீரங்கிகளைக் கொண்டுபோகவிடாமல் தடுக்க முயல வேண்டும் என்ற கட்டளையை ஏரி என்ற தளபதி பென்சிலால் எழுதினார். எந்தப் பீரங்கிகள், எந்தத் திசையில் என்ற விவரம் அதில் இல்லை. மேட்டிலிருந்தவருக்கு எல்லாம் கண்ணெதிரே தெரிந்தன. கீழே நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கோ குன்றின் மறைவில் எதுவுமே புலப்படவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று லூக்கன் கேட்டதற்கு, கட்டளையைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டிய திசை பள்ளத்தாக்கின் கோடியில் இருந்த ரஷ்யப் பீரங்கி வரிசையைச் சுட்டியது. லூக்கனும், லைட் பிரிகேடை நடத்திய அவருடைய மைத்துனர் கார்டிகன் பிரபுவும் ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். உட்கார்ந்து பேசித் தெளிந்துகொள்ளும் உறவு அவர்களுக்குள் இல்லை. ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் மூன்று பக்கப் பீரங்கிகளுக்கும் நடுவே பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் மாண்டார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர்.

கீழே நிற்பவனின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று எண்ணிப்பார்த்துக் கட்டளையிடுவது தளபதியின் முதல் கடமை. அதில் ராக்லன் தவறினார் என்றே கருதுகிறேன். லூக்கனின் பங்கு அதற்கு அடுத்ததே.

ஆனால் அதன்பின் வந்த குளிர்காலத்தின் சாவுகளை அவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. நவம்பர் 14 அன்று வீசிய புயலில் குளிர்கால உடைகளோடு ‘பிரின்ஸ்’ என்ற கப்பல் மூழ்கியது. துறைமுகத்துக்கும் முகாமுக்கும் இடையிலிருந்த சாலை சேறாகிக் கிடந்தது. உணவும் தீவனமும் வழங்கும் துறை அப்போது இலண்டனின் நிதித்துறைக்குக் கட்டுப்பட்டிருந்ததே தவிர, களத்திலிருந்த தளபதிக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. காலராவிலும் பசியிலும் குளிரிலும் மடிந்த எளிய வீரர்களின் நிலையை ‘தி டைம்ஸ்’ இதழின் செய்தியாளர் ரஸ்ஸல் எழுதி அனுப்பினார். அதைப் படித்து நாடு கொதித்தது. 1855 ஜனவரி இறுதியில் அபர்டீன் பிரபுவின் அரசே கவிழ்ந்தது. அந்த அரசின் அமைச்சர்கள் தங்கள் பொறுப்பை ராக்லனின் தோளுக்கு மாற்ற முயன்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

1855 ஜூன் 18, வாட்டர்லூவின் நாற்பதாம் ஆண்டு நிறைவு நாள். ரஷ்யர்களின் செவஸ்தபோல் கோட்டையின் மீது பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து தொடுத்த தாக்குதல் பெருத்த உயிரிழப்போடு தோற்றது. நோயுற்றிருந்த ராக்லன் பத்து நாள் கழித்து, ஜூன் 28 அன்று, கோட்டைக்கு வெளியே இருந்த தலைமையகத்திலேயே இறந்தார். உடல் கப்பலில் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டு பேட்மின்டனில் அடக்கம் செய்யப்பட்டது. செவஸ்தபோல் செப்டம்பரில் வீழ்ந்தது.